உரையில் உள்ள ஹாஷ் சரங்களை ரெகுலர் எக்ஸ்பிரஷனால் கண்டறிய முடியுமா?
மண்டபம் என்னும் கடற்கரை ஊரில் மீன் ஏலக் கணக்கு மென்பொருளைப் பராமரிக்கும் நீங்கள், அதன் பதிவுக் கோப்புகளில் கலந்து கிடக்கும் ஹாஷ் சரங்களை (தரவிலிருந்து கணக்கிட்டுப் பெறும், நிலையான நீளமுள்ள எழுத்துத் தொடர்களை) ரெகுலர் எக்ஸ்பிரஷனால் (எழுத்து அமைப்பைக் கொண்டு தேடும் குறிமுறையால்) பிரித்தெடுக்க வழி கேட்டிருக்கிறீர்கள். 0 முதல் 9 வரையிலான இலக்கங்களும் ஏ முதல் எஃப் வரையிலான ஆங்கில எழுத்துகளும் மட்டுமே இடைவெளியின்றி 32 வந்தால் அது எம்டி5 என்னும் ஹாஷ் வகையாகவும், 40 வந்தால் ஷா-1 ஆகவும், 64 வந்தால் ஷா-256 ஆகவும் இருக்கக்கூடும். சரத்தின் இரு முனைகளிலும் சொல் எல்லைக் குறியை (சொல் தொடங்கும் அல்லது முடியும் இடத்தைக் காட்டும் \b குறியை) இடத் தவறாதீர்கள். இல்லையேல் 64 எழுத்துச் சரம் ஒன்று இரண்டு எம்டி5 சரங்களாகப் பிடிபடும்.

நம் கடற்கரையில் வலைக்கண் மீனின் பருமனைத்தான் பிரிக்கும், இனத்தைப் பிரிக்காது. அதுபோல, விண்டோஸ் கடவுச்சொல்லுக்கான என்டிஎல்எம் ஹாஷும், இடைக்கோடு நீக்கிய யூயூஐடி என்னும் தனி அடையாள எண்ணும்கூட 32 எழுத்துகளே என்பதால், நீளத்தை மட்டும் நம்பாமல், சரத்துக்கு அருகிலுள்ள சொற்களையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.