மறு: வட்ஸ்அப்ல வாற ஹதீஸை மத்ரஸா புள்ளைகளுக்கு எப்படி செக் பண்ணக் காட்டுறது?

"சீனா போயாவது கல்வி தேடுங்க - புகாரி" எண்டு புள்ளைகள் கொண்டு வந்த அந்தப் படம் பிழை நானா. அது புகாரி எண்ட ஹதீஸ் (நபிமொழி) கிதாபுல இல்ல, ஹதீஸ் அறிஞர்கள் பலர் பலவீனமானது, இட்டுக்கட்டினது எண்டே சொல்லியிருக்காங்க.

கிதாபுட பேரைக் கண்டதும் புள்ளைகள் நம்பிருதுகள், ஹதீஸ் நம்பர் எங்க எண்டு கேக்கத் தோணுறதில்ல, அநேகமா இதுதான் காரணம்.

"கல்வியைத் தேடி ஒரு வழியில நடக்கிறவருக்கு அல்லாஹ் சொர்க்கத்துக்கான வழியை லேசாக்குறான்", இது முஸ்லிம் எண்ட ஹதீஸ் கிதாபுல 2699ஆம் நம்பர். இதையும் அந்தப் படத்தையும் வைச்சு சுன்னா டொட் கொம் (sunnah.com) எண்ட ஹதீஸ் தேடுற தளத்துல ரெண்டையும் தேடச் சொல்லுங்க. பெரிய புள்ளைகள் அரபு வரியை ஓதட்டும், இங்கிலீஷ் ஏலுமானது அதை வாசிக்கட்டும், சின்னதுகள் தமிழ்ல கொப்பில எழுதட்டும், ஒரு போனை வைச்சே மூணு மொழியிலயும் பாடம் ஓடும், எனக்கு இதுதான் ஆகப் பெரிய விஷயம். மன்னார் முசலிப் பக்கம் சிக்னல் விட்டு விட்டு வருது எண்டீங்க, அப்ப முதல் நாளே ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வைங்க.

ஒண்டு, தமிழ் பெயர்ப்புகள்ல நம்பர் மாறும், அதனால நம்பர் பொருந்தல்ல எண்டு உடனே பொய் எண்ட வேணாம், வாசகத்தையும் தேடுங்க, ஹதீஸ்ட தரத்தை (பலமானதா, பலவீனமானதா எண்டு) மவ்லவிட்ட கேளுங்க. உம்மா வாப்பா அனுப்பினதா இருந்தா ஆக்களுக்கு முன்னால திருத்தாம தனியா சொல்லப் பழக்குங்க.