வான்கூவர் கணக்கு

வணக்கம் ஐயா,

எங்கள் பள்ளி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. தன்பாலீர்ப்புள்ள ஆண்கள் மற்றவர்களைவிட 20 ஆண்டுகள் முன்னதாக இறந்துவிடுகிறார்களாம். கனடா அரசின் புள்ளிவிவரமாம். அனுப்பியவர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். என்னால் மறுக்க முடியவில்லை. இது உண்மையா? இந்தியாவில் இப்படி ஒரு கணக்கு உண்டா?

ரா. கு., தஞ்சாவூர்

அன்புள்ள ரா. கு.,

அந்த எண் வந்த ஆய்வு நிஜமானது. ஆனால் அது அரசு அறிக்கை அல்ல. 1997இல் ராபர்ட் ஹாக்கும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை. கனடாவின் வான்கூவர் நகரில் 1987 முதல் 1992 வரை பதிவான இறப்புகளை வைத்து, 20 வயதுள்ள தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு ஆண்களின் எதிர்பார்க்கப்படும் ஆயுள் 8 முதல் 20 ஆண்டுகள் வரை குறைவு என்று மதிப்பிட்டார்கள். எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்துச் சிகிச்சை வராத, எயிட்ஸ் இளைஞர்களை வாரிக்கொண்டு போன ஆண்டுகள் அவை.

எட்டு எங்கே, இருபது எங்கே? இதை உங்கள் ஆசிரியரிடமே கேளுங்கள், அவருக்குப் பிடித்த பாடம்தான். இறப்புப் பதிவில் எவருடைய பாலீர்ப்பும் எழுதப்படுவதில்லை. அதனால் நகரத்து ஆண்களில் இவர்கள் 3 சதவீதம், 6 சதவீதம், 9 சதவீதம் என்று மூன்று அனுமானங்களை வைத்துக் கணக்குப் போட்டார்கள். தொகுதி, அதாவது மேலே வரும் இறப்பு எண்ணிக்கை, அப்படியே இருக்கிறது. பகுதி, அதாவது கீழே வரும் இவர்களின் மொத்த எண்ணிக்கை, மட்டும் மாறுகிறது. பகுதியைச் சிறியதாக வைத்தால் இழப்பு பூதாகரமாகத் தெரியும். உங்கள் குழுவுக்கு வந்தது அந்தப் பெரிய விடை மட்டும். தங்கள் ஆய்வை வெறுப்புப் பிரச்சாரத்துக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று 2001இல் அதே ஆய்வாளர்கள் எதிர்ப்புக் கடிதம் எழுதினார்கள். அப்போதே கணக்கை மறுபடி போட்டால் ஆயுள் வெகுவாகக் கூடியிருக்கும் என்றும் சொன்னார்கள். அந்தக் கடிதத்தை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை!

அமெரிக்க உளவியலாளர் பால் கேமரன் 1994இல் செய்தது இன்னும் மோசம். தன்பாலீர்ப்பாளர் பத்திரிகைகளின் இரங்கல் குறிப்புகளில் இருந்த வயதுகளைத் தொகுத்து அதையே ஆயுள் என்றார். நம் மென்பொருள் துறையில் இதுவரை இறந்தவர்களின் சராசரி வயதைப் பார்த்து, அந்த வேலைக்குப் போனால் அற்பாயுள் என்று சொல்வது போன்றது இது. உயிரோடு இருப்பவர்கள் அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

இந்தப் பகுதி எண் ஓரளவு தெரிந்த நாடு டென்மார்க். ஒருபால் இணையர் பதிவை 1989இலேயே சட்டமாக்கிய முதல் நாடு அது. அந்தப் பதிவேட்டை இறப்புப் பதிவேட்டுடன் இணைத்துப் பார்த்த மார்ட்டன் ஃபிரிஷ் குழு, இந்த ஆண்களின் இறப்பு விகிதம் 1990களின் நடுப்பகுதிக்குப் பிறகு சரிந்ததைக் கண்டது. 2000க்குப் பின் அது மணமாகாத ஆண்களின் விகிதத்தைவிடவும் கீழே போய்விட்டது. பதிவு செய்துகொள்ளாதவர்கள் இந்தக் கணக்கில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதனால் வேறுபாடே இல்லை என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்து, வேல்ஸ் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் பாலீர்ப்பு கேட்கப்பட்டது; விருப்பமிருந்தால் பதில் சொல்லலாம். 7.5 சதவீதத்தினர் சொல்லவில்லை. அதை வைத்து அங்குள்ள புள்ளியியல் அலுவலகம் வெளியிட்ட இறப்புக் கணக்கில், தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு கொண்ட ஆண், பெண் இருபாலரிடமும் சேர்த்து இறப்பு அபாயம் மற்றவர்களுடையதைப் போல் சுமார் 1.3 மடங்கு, தற்கொலை அபாயம் இரு மடங்குக்கும் மேல். நான் கவலைப்படுவது இந்த இரண்டாவது எண்ணைப் பார்த்துத்தான்.

இந்தியாவில் கணக்கெடுப்பு இதைக் கேட்டதே இல்லை. 2011இல் ‘மற்றவர்’ என்று பதிவான சுமார் 4.88 லட்சம் பேரை யாராவது எடுத்துக்காட்டினால், அது பாலினப் பதிவு, பாலீர்ப்பு அல்ல என்று சொல்லுங்கள்.