லிசா விற்கச் சொல்லும் கடை

கே: 'திஸ் கிறிஸ்மஸ்' (2007) என்ற அமெரிக்கப் படம் பார்த்தேன். ஆறு பிள்ளைகள் பண்டிகைக்கு வீடு திரும்புகிறார்கள், சண்டை போடுகிறார்கள், கடைசியில் ஆடுகிறார்கள். நம் டி.வி. சீரியலில் இல்லாத எது இதில் இருக்கிறது? 'கறுப்பினக் குடும்பப் படம்' என்று ஏன் தனியாகப் பேச வேண்டும்?
- வாசகர், திருச்சி

ப: சண்டையைப் பார்த்த நீங்கள் கடையைப் பார்க்கவில்லை. மகள் லிசா (ரெஜினா கிங்) விற்கச் சொல்வது குடும்பத்தின் டிரை கிளீனிங் கடையை. நடப்பது லாஸ் ஏஞ்சலிஸில். 1910-க்கும் 1970-க்கும் இடையே அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களை விட்டு வெளியேறிய கறுப்பர்கள் சுமார் 60 லட்சம் பேர். லூசியானா, டெக்சஸ்காரர்கள் பலர் வந்து சேர்ந்த ஊர் இது. 'கறுப்பருக்கு விற்கக்கூடாது' என்று அங்கே வீட்டுப் பத்திரத்திலேயே எழுதி வைத்தார்கள். அதைக் கோர்ட் மூலம் அமல்படுத்த முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது 1948-ல்தான். எந்தப் பகுதிக்குக் கடன் தரலாம் என்று காட்டும் வரைபடங்களில் கறுப்பர் பகுதிகளுக்கு 'ஆபத்து' என்று சிவப்பு பூசியிருந்ததால் வங்கிக் கடனும் குதிரைக்கொம்பு. அப்படிப்பட்ட ஊரில் சொந்தப் பெயரில் நிற்கும் கடை அது. நம் வீட்டுப் பாகப்பிரிவினைத் தகராறோடு அதைச் சேர்க்காதீர்கள்.

இன்னொன்று, ரகசியங்கள். சீரியலில் பிள்ளை மறைப்பான், அம்மா கண்டுபிடிப்பாள். இங்கே அம்மாவே (லொரெட்டா டிவைன்) மறைக்கிறாள்: விவாகரத்து ஆனதையும், ஜோ (டெல்ராய் லிண்டோ) அதே வீட்டில் வசிப்பதையும். யாரிடம்? அப்பாவின் இடத்தில் ஜோவைப் பார்க்கவே பொறுக்காத மூத்தவன் குவென்டினிடம் (இட்ரிஸ் எல்பா). இசைக்காகக் குடும்பத்தை விட்டுப் போனவர் அந்த அப்பா. மூத்தவன் சாக்ஸபோன் வாசிக்கிறான். கடைக்குட்டி, பாட ஆசைப்படுவதை அம்மாவிடம் சொல்லவே பயப்படுகிறான். படத்தின் உயிர் இந்த முடிச்சில்தான்.

இத்தனை பேரை ஒரே மேஜையில் வைத்து எடுப்பது சாதாரண வேலையில்லை. பத்துப் பேர் உட்கார்ந்தால் யார் யாரைப் பார்க்கிறார் என்ற பார்வைக் கோடு ஒரு ஷாட்டில் தவறினாலும் பேச்சு யாருக்கு என்பது குழம்பும். டேக்குக்கு டேக் தட்டில் சோறு கூடும், குறையும். ஒருவர் வசனத்தின் மேல் இன்னொருவர் விழுந்தால் எடிட்டர் வெட்ட இடமிருக்காது. சாப்பாட்டுக்கு முந்தைய ஜெபம் இங்கே கைகொடுக்கும்: தலைகள் குனிந்திருக்க, குனியாத ஒருவரைக் காட்டினால் போதும்.

குறையும் சொல்ல வேண்டும். குளியலறைத் தரையில் பேபி ஆயிலை ஊற்றி, துரோகம் செய்த கணவனை லிசா பெல்ட்டால் விளாசுகிறாள். அதைச் சிரிப்புக்காக எடுத்தது பெரிய பிழை. அவள் பட்ட அவமானம் சிரிப்பில் கரைந்துவிட்டது. இன்னொரு மகன் கிளாட், அமெரிக்க மரைன் படை வீரன், விடுப்பு அனுமதியில்லாமல் வந்தவன். வெள்ளைக்காரப் பெண்ணை ரகசியமாக மணந்தவன். தனிப் படமே எடுக்கலாம். அவனை அவசரமாகக் கடந்து போகிறார்கள்.

கடைசி ஆட்டம் என்கிறீர்களே, அது 1970-ல் சிகாகோவில் தொடங்கிய 'சோல் டிரெயின்' என்ற கறுப்பர் இசை, நடன டி.வி. நிகழ்ச்சியின் வரிசை. இரு பக்கமும் சொந்தங்கள் நின்று கைதட்ட, நடுவில் ஒவ்வொருவராக ஆடி வருவார்கள்.