அகராதியைத் திறக்கும் முன்: ஆங்கிலச் சொல் கேள்வி பதில்

தெரியாத சொல் வந்ததும் அகராதி பார்த்துவிடுகிறேன். ஆனால் சீக்கிரமே மறந்துபோகிறது. ஏன்?

அகராதி பார்ப்பதில் தப்பில்லை, பார்க்கும் நேரம்தான் தப்பு. வாக்கியத்தையும் அதற்கு அடுத்ததையும் முழுக்கப் படியுங்கள். ‘இதுவாக இருக்கலாம்’ என்று ஒரு பொருளை மனதில் வையுங்கள். அப்புறம் அகராதியைத் திறங்கள். ஊகம் தப்பானாலும் பரவாயில்லை, முதலில் ஊகித்து, பிறகு தேடிப் பார்த்த சொல் அவ்வளவு லேசில் மறக்காது.

எதை வைத்து ஊகிப்பது? எனக்கு ஒன்றும் தோன்றுவதே இல்லை.

சொல்லையே முறைத்துக்கொண்டிருந்தால் தோன்றாது. அக்கம்பக்கம் பாருங்கள். ‘அன்லைக் ஹிஸ் டாக்கடிவ் பிரதர், ஹி வாஸ் டாசிட்டர்ன்; ஹி ஆன்சர்ட் எவ்ரி கொஸ்டின் வித் எ நாட்’ என்று ஒரு வாக்கியம் வருகிறது. ‘டாசிட்டர்ன்’ தெரியவில்லை. ‘வாஸ்’ என்பதற்குப் பின் நிற்பதால் ஆளின் குணத்தைச் சொல்கிறது. ‘அன்லைக்’ வந்துவிட்டதால் அண்ணன் தம்பி இருவரும் நேரெதிர்; ஒருவர் வாயாடி என்றால் மற்றவர் அப்படியில்லை. அரைப்புள்ளிக்குப் பிறகு, எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுகிறாராம். ஆக, அதிகம் பேசாதவர். அந்தப் பொருளைப் போட்டு வாக்கியத்தை மறுபடி படியுங்கள், இடறாமல் ஓடினால் சரி.

பலரும் ‘பட்’, ‘ஆல்தோ’ போன்ற சொற்களைத்தான் தேடுகிறார்கள். என்னைக் கேட்டால் நிறுத்தற்குறிகளையும் விடக் கூடாது. முக்காற்புள்ளி வந்தால் பெரும்பாலும் பின்னாலேயே விளக்கம் வருகிறது.

முன்னொட்டு, வேர்ச்சொல் படித்தால் போதாதா?

‘பெனவலன்ட்’ (நல்லெண்ணம் உள்ள), ‘மலவலன்ட்’ (கெட்ட எண்ணம் உள்ள) போன்றவற்றுக்கு அருமையாக உதவும். ஆனால் ‘எனர்வேட்’டைப் பார்த்ததும் எனர்ஜி தருவது என்று நினைத்தால் போச்சு, அதன் பொருள் பலவீனப்படுத்துவது. ‘நாய்சம்’ என்பதற்கும் சத்தத்துக்கும் சம்பந்தமில்லை, அது துர்நாற்றம் வீசுவதைக் குறிக்கும். வேரை வைத்து ஊகித்ததையும் வாக்கியத்தில் பொருத்திப் பார்க்காமல் நம்பாதீர்கள்.

ஒரு பக்கத்தில் முப்பது சொல் தெரியவில்லை. எப்படி ஊகிப்பேன்?

முடியாதுதான். துப்புக் கொடுக்க வேண்டிய சொற்களே தெரியாதபோது எதைப் பிடித்து ஊகிப்பது? துணையின்றிப் படித்துப் புரிந்துகொள்ள ஒரு பகுதியில் சுமார் 98 சதவீதச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று மொழி ஆய்வாளர்களான ஹூ, பால் நேஷன் இருவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அதாவது 50 சொல்லுக்கு ஒன்று தெரியாமல் இருக்கலாம். 300 சொல் உள்ள பக்கத்தில் ஆறு. உங்களுக்கு முப்பது! கொஞ்சம் எளிய புத்தகத்துக்கு மாறுங்கள், இதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை.

மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வு எழுதப் போகிறேன். சொற்பட்டியலை மனப்பாடம் செய்யட்டுமா?

2011இல் தேர்வு மாறியபோதே எதிர்ச்சொல், ஒப்புமைக் கேள்விகளை எடுத்துவிட்டார்கள். இப்போது சொல்லறிவைச் சோதிப்பவை பெரும்பாலும் வாக்கியத்தில் விட்ட இடத்தை நிரப்பும் கேள்விகள்தான். விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு, விட்ட இடத்தில் உங்களுக்குத் தோன்றும் சொல்லைப் போடுங்கள், தமிழ்ச் சொல்லானாலும் சரி. பிறகு கையை எடுத்து அதற்கு நெருக்கமானதைத் தேடுங்கள். பட்டியலே வேண்டாம் என்று சொல்லவில்லை. விடைகளில் உள்ள சொற்கள் தெரியாவிட்டால் இந்த உத்தியும் கைகொடுக்காது.

குறிப்பேட்டில் தமிழில் பொருள் எழுதலாமா?

தாராளமாக. கூடவே சொல் வந்த வாக்கியத்தையும் எழுதுங்கள்.

சூழலே தப்பான பொருளைக் காட்டுமா?

காட்டும். வேலை போன ஒருவர் ‘சாங்குவின்’ ஆக இருந்தார் என்று படித்தால் சோகமாக இருந்தார் என்றுதான் தோன்றும். உண்மையில் அவர் நம்பிக்கையோடு இருந்தார். ‘சாங்க்ஷன்’ இன்னும் மோசம்: ஒரு இடத்தில் அனுமதி, இன்னொரு இடத்தில் தண்டனை. அதனால் முதல் தடவை ஊகித்ததைப் பென்சிலில் எழுதி வையுங்கள். அதே சொல் வேறு இரண்டு இடங்களில் வந்து, அங்கேயும் பொருந்தினால் பேனாவால் எழுதலாம்.