நோட்பேடில் திறக்கிறது, மென்பொருளில் நிற்கிறது: யார் மேல் தவறு?

கேள்வி: இணையக் கடை நடத்துகிறேன். பொருள் விவரங்களைச் சந்தா கட்டி ஒரு வெளி நிறுவனத்திடம் எக்ஸ்எம்எல் கோப்பாக (தரவைக் குறிச்சொற்களுக்குள் வைக்கும் வடிவம்) வாங்குகிறேன். அடிக்கடி ‘செல்லாத எழுத்து’ என்று சொல்லி என் மென்பொருள் பாதியில் நின்றுவிடுகிறது. கேட்டால், “நோட்பேடில் நன்றாகத் திறக்கிறதே, கோளாறு உங்கள் பக்கம்தான்” என்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை. நோட்பேட் குப்பையைக் கொடுத்தாலும் திறக்கும். எக்ஸ்எம்எல் 1.0 விதிப்படி, கணினி எழுத்துகளுக்குத் தரும் எண்களில் 32-க்குக் கீழானவற்றுள் (திரையில் தெரியாத கன்ட்ரோல் எழுத்துகள்) 9, 10, 13 ஆகிய மூன்றுக்கு மட்டுமே இடம் உண்டு: டேப்பும் வரிமுடிவுகளும். அவற்றில் வேறொன்று புகுந்தால் பார்சர் (கோப்பைப் படித்துப் பிரிக்கும் நிரல்) நின்றுவிட வேண்டும் என்பதே விதி. உங்கள் மென்பொருள் ஒழுங்காகத்தான் நடந்துகொள்கிறது.

அடிக்கடி மாட்டுவது 11-ஆம் எண். வேர்டில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு என்டர் தட்டினால் பிறப்பது அது. விவரத்தை வெட்டி ஒட்டும்போது கூடவே வந்துவிடும். இன்னொன்று, கோப்பின் தலைப்பில் யூடிஎஃப்-8 (எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) என்று அறிவித்துவிட்டு உள்ளே விண்டோஸ்-1252 என்ற வேறொரு பழைய முறையின் மேற்கோள் குறிகளை வைப்பது. மூன்றாவது நம் மொழிக்கே உரிய தொல்லை. யூடிஎஃப்-8-இல் ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு 15 பைட்; த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள், ஒன்றுக்கு மூன்று பைட். விவரத்தை 250 பைட்டோடு கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால், கடைசி எழுத்து உடைந்து தொங்கலாம்.

புகார் செய்யும்போது ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள். வந்த கோப்பை எதிலும் திறந்து சேமிக்காமல் அப்படியே இணைத்து, பார்சர் காட்டும் வரி எண்ணையும் இடத்தையும் குறிப்பிடுங்கள். எக்செல்லில் திறந்து சேமித்த கோப்பை அனுப்பினால், “நீங்கள்தான் கெடுத்தீர்கள்” என்பார்கள். அதில் நியாயமும் இருக்கும்.

கேள்வி: அவர்கள் திருத்தும்வரை நானே சுத்தம் செய்துகொள்ளலாமா?

பதில்: செய்யலாம், ஆனால் கை நீளக் கூடாது. மூலக் கோப்பை ஒரு பிரதி வைத்துக்கொண்டு, என்கோடிங்கை (எழுத்துகள் சேமிக்கப்பட்ட முறையை) அறிந்து கோப்பைச் சரியாகப் படித்தபின், பார்சரிடம் கொடுப்பதற்கு முன்பே, விதி விலக்கிய கன்ட்ரோல் எழுத்துகளை மட்டும் நீக்குங்கள். எந்தப் பொருளில் எதை நீக்கினோம் என்று பதிவும் இருக்கட்டும். பெயரிலோ விளக்கத்திலோ ஒன்று போனால் பாதகமில்லை. விலையிலோ பொருள் குறியீட்டிலோ அப்படி ஒன்று இருந்தால், கை வைக்காமல் அந்தப் பொருளையே ஒதுக்கி வையுங்கள்.

‘எழுத்து அல்லாத அனைத்தையும் நீக்கு’ என்ற ஒற்றை வரித் தீர்வை யாராவது தந்தால் ஓடிவிடுங்கள். யூனிகோடில் நம் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் ‘எழுத்து’ வகையில் சேராதவை. ‘கேள்வி’ போய் ‘களவ’ வந்து நிற்கும். நான் பார்த்திருக்கிறேன், அதுவும் விற்பனைக்குப் போன பட்டியலில்!

ஜேசானுக்கு (தரவை அனுப்பும் இன்னொரு வடிவம்) மாறச் சொன்னாலும் உடனே மகிழாதீர்கள். அங்கும் சரத்துக்குள் (மேற்கோள் குறிகளுக்குள் வரும் உரை) கன்ட்ரோல் எழுத்து நேரடியாக வரக் கூடாது.

சந்தா புதுப்பிக்கும் நாளில் ஒன்று கேளுங்கள்: ‘ஒவ்வொரு கோப்பும் அனுப்புமுன் பார்சரில் சோதிக்கப்படும், தவறினால் இத்தனை மணி நேரத்தில் மாற்றுக் கோப்பு’ என்று ஒப்பந்தத்தில் எழுதித் தருவார்களா என்று. தயங்கினால், ஒரு மாதக் கோப்புகளை மாதிரியாக வாங்கி ஓட்டிப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.