மைன்கிராஃப்ட் விளையாட்டில், சாட்டில் எழுதியதைப் புகார் செய்யும் சாட் ரிப்போர்ட் வசதி வந்தபோது ஏன் அவ்வளவு எதிர்ப்பு? குழந்தைகளுக்கு நல்லதுதானே?

உங்கள் வீட்டிலும் விளையாடுகிற பிள்ளை இருக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் கவலை நியாயமானது. ஆனால் எதிர்த்தவர்கள் எல்லாரும் கெட்டவார்த்தை பேச உரிமை கேட்டவர்கள் அல்ல. நானும் எதிர்த்தேன்.

2022 ஜூலை 27 அன்று கணினியில் ஓடும் ஜாவா பதிப்புக்கு வந்த 1.19.1 அப்டேட்டில்தான் இது நுழைந்தது. நீங்கள் சாட்டில் எழுதியதை ஒருவர் ரிப்போர்ட் செய்தால் விளையாட்டை உருவாக்கிய மோஜாங் நிறுவனத்தின் ஆட்கள் படித்து முடிவு செய்வார்கள். தடை விழுந்தால் தனியாக மட்டுமே விளையாடலாம். நம் வீட்டுக் கணினியில் நாமே நடத்தும் சர்வரில்கூட (பலர் ஒன்றாக விளையாடும் இடம்) சேர முடியாது. எனக்கு அங்கேதான் வலித்தது.

கொரோனா ஊரடங்கில் தம்பி, அத்தை பிள்ளைகள், கல்லூரி நண்பர்கள் என்று பதினோரு பேருக்கு ஒரு சர்வர் நடத்தினேன். நண்பன் அழைத்துவந்த ஒருவன் அத்தை மகளிடம் அசிங்கமாகப் பேசினான். ஐந்து நிமிடத்தில் ஒயிட்லிஸ்ட்டிலிருந்து, அதாவது சர்வருக்குள் நுழைய அனுமதி உள்ளவர்களின் பட்டியலிலிருந்து, தூக்கிவிட்டேன். அதே சர்வரில், விளையாட்டில் வரும் க்ரீப்பர் என்ற அரக்கன் வெடித்து வீடு போகும்போதெல்லாம் தம்பி எங்களை "செத்துத் தொலைங்கடா" என்று கத்துவான். இரண்டுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். எங்கோ உட்கார்ந்து படிக்கிறவருக்குத் தெரியுமா?

"மனிதர்கள்தானே பார்க்கிறார்கள்" என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். சரி, பொதுச் சர்வர்களுக்குக் கண்காணிப்பு வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். ஆனால் நான் ஏற்கெனவே சூடுபட்டவன். வேறொரு துப்பாக்கிச் சண்டை விளையாட்டு, பெயர் வேண்டாம். அதில் தமிழில் தட்டினால் வெறும் கட்டங்களாக வரும், அதனால் ஆங்கில எழுத்தில்தான் எழுதுவோம். எதிரணியில் ஒருவன் மிச்சம் இருந்தபோது "ஒருத்தன் பாக்கி" என்று அவசரமாகத் தட்டினேன். "பாக்கி"யை நான்கு எழுத்தில் சுருக்கியதில், பிரிட்டனில் பாகிஸ்தானியரை இழிவாகச் சொல்லும் வசைச்சொல்லாகிவிட்டது. ஏழு நாள் சாட் தடை, காரணம் இனவெறி. வார்த்தைக்கு அர்த்தம் விளக்கி மேல்முறையீடு செய்தேன். "விதிமீறல் உறுதியானது" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. பணம் கட்ட யுபிஐ கொண்டுவரத் தெரிந்தவர்களுக்கு, கோடிக்கணக்கானவர்கள் பேசும் மொழி தெரிந்த ஓர் ஆளை வேலைக்கு வைக்கத் தோன்றவில்லை. என்னை இனவெறியன் என்று எழுதிவைத்ததை இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

எங்கள் சர்வரை, சாட் ரிப்போர்ட் இல்லாத 1.18.2 பதிப்புக்கு மேல் ஏற்றவே இல்லை. விடுமுறைக்கு அத்தை பிள்ளைகள் வந்தால் இன்றும் அதில்தான் விளையாடுகிறோம். யாராவது எல்லை மீறினால் தூக்குவது நான்தான்.