ஆஸ்திரேலியாவுல குதிரையில மாடு ஓட்டுற கேம்ப்டிராஃப்ட்டும் ரோடியோவும் ஒண்ணுதானா?

ஒண்ணு இல்லங்க. ரோடியோவுல காளை மேல ஏறி உக்காருவாங்க, கயிறு வீசுவாங்க. கேம்ப்டிராஃப்ட்ல மாட்டு மேல கயிறும் படாது கையும் படாது, குதிரையை வச்சே மறிச்சு மறிச்சு ஓட்டணும்.

நான் இருக்கறது பிரிஸ்பேன்ல. இங்கேருந்து தென்மேற்கே 130 கிமீ போனா வார்விக், அங்க நடக்கற கோல்ட் கப் இந்த ஆட்டத்துல ரொம்பப் பெரிய பேரு, ஆபீஸ் நண்பர் ஒருத்தர் கூட்டிட்டுப் போனார்.

மைதானத்து ஓரமா ஒரு பட்டி, அதுதான் கேம்ப். உள்ள ஏழெட்டு மாடு நிக்கும், குதிரைக்காரர் போய் அதுல ஒண்ணை மட்டும் பிரிச்சு முன்னாடி கொண்டு வரணும், அது சும்மா வருமா, திரும்பக் கூட்டத்துக்கே பாயும், குதிரை குறுக்க விழுந்து ரெண்டு மூணு வாட்டி திருப்பும். அடங்கிடுச்சுன்னு தோணினதும் 'கேட்'னு ஒரு சத்தம், கதவு திறந்ததும் மாடு பிச்சுக்கிட்டு ஓடும். வெளிய ரெண்டு கம்பு நட்டிருக்காங்க, ஒண்ணை வலமா ஒண்ணை இடமா எட்டு போட்ட மாதிரி சுத்த வச்சு, கடைசியில வேற ரெண்டு கம்புக்கு நடுவுல ஓட்டி விடணும்.

ஒருத்தர் புயல் மாதிரி போனார், நான் எழுந்து நின்னு கைதட்டறேன், குதிரை மேல இருந்த நடுவர் சாட்டையை ஒரு சொடுக்கு சொடுக்கினார். முடிஞ்சுது. மாடு கைமீறிப் போயிடுச்சாம். எனக்கு அசிங்கமாப் போச்சு 😅

மொத்தம் 100 மார்க், மாட்டைப் பிரிக்கறதுக்கு 26, பாதையை முடிக்கறதுக்கு வெறும் 4, மீதி 70ம் குதிரை வேலைக்கு. அதனால சாதுவான மாடா பாத்துப் பிரிச்சாலும் லாபம் இல்ல, குதிரைக்கு வேலையே இருக்காது, மார்க்கும் வராது. ரொம்ப வெறி பிடிச்சது மாட்டினா சாட்டைதான். நடுவாந்தரமா ஒண்ணைக் கண்டுபிடிக்கற கண்ணு இருக்கே, அதுதான் சார் வித்தை.

வேலியில்லாத காட்டுல மந்தை மேய்ச்சவங்க மாடு பிரிச்ச தொழில்தான் இது, 1885ல டென்டர்ஃபீல்ட் ஊர்ல போட்டியா நடத்தினாங்க. ஆணும் பெண்ணும் ஒரே போட்டியில மோதறாங்க.

போனா கேம்ப் பக்கமா இடம் பிடிங்க, தூரத்துல உக்காந்தா வெறும் புழுதிதான்.